ஆகச் சின்ன அளவு

ஒளித்து வைத்திருக்கிறேன் என்றுதான் ஊர் இன்னும் சொல்கிறது. பள்ளிவாசல் மதிலோரம் மீன் வாங்க நிற்கும் பெண்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறார்கள். "ஸாஜிதா லேசுப்பட்டவளா? பெரிய படம் ஒண்டு எங்கயாவது வச்சிருப்பா." ஊர்வாயை மூட உலைமூடி ஏது? என்னிடம் பெரிய படம் இல்லை. இருந்தால் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கற்பிட்டியிலிருந்து கொழும்புவரை நடந்திருப்பேன். யார் சொல்லையும் கேட்காதவள் என்று பெயரெடுத்தவள் நான். அந்த ஒரு நாள் மட்டும் சொன்னபடி கேட்டுத் தொலைத்தேன்.

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது என் தொழில். ஆண்கள் பக்கத்தை என் தம்பி நிஸார் எடுப்பான். பெண்கள் இருக்கும் அறைக்குள் அவனுக்கு வேலையில்லை, என் கெமராவைத் தொடவும் விடமாட்டேன். எடுத்த படங்களை நானே அச்சடித்து, சீடியில் ஏற்றி, பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கொம்பியூட்டரிலிருந்து அழிக்க வேண்டும். "அழிச்சிட்டியா? வல்லாஹி எண்டு சொல்லு" என்பார்கள். சத்தியம் பண்ணாமல் ஒரு வீட்டுப் படியும் இறங்கியதில்லை.

இவ்வளவும் போதாமல் போனது ஆலங்குடாவில் நடந்த ஒரு காரியத்தால். வடக்கில் சண்டை முடிந்த கையோடு அங்கே ஹோட்டல்கள் முளைத்தன. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பறக்க வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். வந்த ஒருவன், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அலீமாவின் மகளைப் படம் எடுத்துப் போனான். மறு வருசம் பார்த்தால், அந்தப் பிள்ளை ஒரு ஹோட்டல் சுவரில் ஆள் உயரத்துக்கு நிற்கிறாள்! மூக்கின் மேலிருந்த வியர்வைத் துளிகூடத் தெரிந்தது. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. ஊருக்கெல்லாம் அண்ணன் முறையான உசனார் காக்காதான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், சண்டை பிடித்து, அந்தப் படத்தைக் கழற்றி உள்ளே வைக்கச் செய்தார். அதற்குப் பிறகு யாரோ ஒருத்தி எங்கேயோ கேட்டுவந்து சொன்னாள், கெமராவில் அளவு என்று ஒன்று இருக்கிறது, சின்ன அளவில் எடுத்தால் பிறகு எவனாலும் பெரிதாக்க முடியாது என்று. அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான்.

மற்றவர்களை நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். உசனார் காக்காவின் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா முறையான ஹவ்வா லாத்தாவைச் சமாளிக்க முடியவில்லை. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது, உடுத்த உடுப்போடு வந்து கரையேறியவர். இந்த மணலில் தென்னங்கிடுகுக் குடிலில் இருந்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவள் றுக்கியாவின் கல்யாணத்தன்று, கெமராவைப் பையிலிருந்து எடுக்குமுன்னே என் முன்னால் வந்து நின்றார்.

"ஸாஜிதா, அளவை வச்சிட்டியா?"

"நடு அளவில வைக்கிறன் லாத்தா. ஆகச் சின்னதில எடுத்தா அல்பத்துக்கே வடிவா வராது."

"நடு வேணாம். ஆகச் சின்னது."

எனக்குக் கோபம் வந்தது. தொழில் தெரிந்தவளுக்கு இப்படிச் சொன்னால் கோபம் வரத்தானே செய்யும். "லாத்தா, கொஞ்சம் கேளுங்க. இதில ரோ எண்டு ஒரு விதம் இருக்கு. கெமரா கண்ட எல்லாத்தையும் உமியோட தவிட்டோட நெல்லாவே மூட்டையில போட்டு வைக்கும். ஜேபெக் எண்டா தீட்டின அரிசி. வேணாம் எண்டு நினைக்கிறதைக் கெமராவே எறிஞ்சிரும். அந்த ஜேபெக்கிலயும் பெரிசு, நடு, சின்னது எண்டு இருக்கு. நீங்க கேக்கிறது குறுணல். அரிசியைக் குறுணலாக்கிட்டுப் பிறகு திரும்ப அரிசியாக்க ஏலாது."

"குறுணல் போதும். கஞ்சிக்குக் குறுணல்தான் ருசி."

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தால் தோற்ற மாதிரிதானே. கெமராவின் தலையில், இன்னும் எத்தனை படம் கொள்ளும் என்று ஓர் எண் காட்டும். ஹவ்வா லாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். எண் கூடக்கூடப் படம் சின்னதாகும் என்பதையும் யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். நான் அளவை ஒவ்வொன்றாக இறக்க, எண் நூறுகளிலிருந்து ஆயிரங்களுக்கு ஏறியது. "இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு" என்று, அதற்குமேல் ஏறாது என்று ஆகும்வரை நின்று பார்த்தார். பிறகும் நம்பிக்கையில்லை. வட்டிலாப்பம் பங்கிடுகிற இடத்திலிருந்து அகப்பையும் கையுமாக வந்து வந்து எண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்.

இளையவள் நிஃப்லாவுக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. என் பின்னாலேயே திரிந்தாள். "ஸாஜிதா மாமி, என்னைத் தனிய ஒண்டே ஒண்டு எடுங்களேன். உம்மாக்குச் சொல்ல மாட்டன்."

"உன்ட உம்மா என்னைப் பச்சையாத் தின்னுருவா. போடி அங்கால."

கல்யாணமாகாத குமர்ப் பிள்ளையைத் தனியே எடுக்கக் கூடாது என்பது லாத்தாவின் அடுத்த கட்டளை. அதனால் அவள் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கிறாள். எல்லாரையும் மூன்று வரிசையாக நிறுத்தி எடுத்தது. மூன்றாம் வரிசையில், ஒரு மாமியின் தோளுக்குப் பின்னால், தலையைச் சுற்றிய வெள்ளைப் பர்தாவோடு எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரித்தாள் என்பது எனக்கு ஞாபகம் இருப்பதால் சொல்கிறேன். படத்தைப் பார்த்தால் அது தெரியாது.

அந்த வருசம் மாரி தொடங்க முன், ஒரு பின்னேரம், டியூசனுக்கென்று கற்பிட்டி பஸ்ஸுக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. டியூசனுக்கு அவள் வரவே இல்லை என்று மாஸ்டர் சொன்னார். மஃரிப் தொழுகைக்குள் ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது. கிணறு பார்த்தார்கள், களப்பில் வள்ளம் விட்டுப் பார்த்தார்கள், கல்யாணத்துக்குப் பிறகு மன்னாரில் குடியேறியிருந்த றுக்கியாவுக்குப் போன் பண்ணினார்கள். எங்கும் இல்லை. பொலிசில் முறைப்பாடு எழுதிக்கொண்டவர், முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

படத்துக்கு எங்கே போவது? அடையாள அட்டைக்கு எடுக்கிற வயது இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுத்த நாளில் உசனார் காக்கா பிள்ளையை வீட்டில் மறித்துவிட்டார். படம் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பது அவருடைய உறுதி. வீட்டிலிருந்த போனில் கெமரா இல்லை, டோர்ச் மட்டும்தான் இருந்தது.

ஹவ்வா லாத்தா என் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தார். காலில் செருப்பு இல்லை, இடுப்பில் செருகிய கல்யாணச் சீடி. வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஸாஜிதா, நீ என்னை ஏமாத்தினாய்தானே?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன லாத்தா?"

"அண்டைக்கு, கல்யாணத்தில. நான் வட்டிலாப்பம் பங்கிடப் போன நேரம் நீ அளவை மாத்தியிருப்பாய். எனக்குத் தெரியும் உன்னை. நீ ஆருட சொல்லையும் கேக்கிறவளா? கோவிக்க மாட்டன் புள்ள. அல்லாஹ்வுக்காகச் சொல்லு."

"மாத்தல்ல லாத்தா."

"அழிக்காம ஒண்டாவது வச்சிருப்பாய்."

"வல்லாஹி, இல்ல."

"அவ கேட்டிருப்பாளே, தனிய எடுக்கச் சொல்லி? நீ எடுத்திருப்பாய். பாவம் எண்டு ஒண்டு எடுத்திருப்பாய்தானே?"

"இல்ல லாத்தா. நீங்க சொன்னபடிதான் எல்லாம்."

கன்னத்தில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. "ஏன்டி கேட்டாய்? ஊரில ஆருட சொல்லையும் கேக்காதவ, என்ட சொல்லை மட்டும் ஏன்டி கேட்டாய்?"

என் வாய் சும்மா இருக்குமா? "நீங்கதானே தலைக்கு மேல நிண்டு எண்ணைப் பாத்தீங்க! குறுணல் போதும் எண்டு சொன்னது ஆரு?" என்று கத்திவிட்டேன். ஹவ்வா லாத்தா தரையில் குந்திவிட்டார். அறை வாங்கியது நான், ஆனால் அடிபட்டவர் அவர்தான். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன்.

அவர் கொண்டுவந்த சீடியைப் போட்டு அந்தப் படத்தைத் திறந்தேன். மூன்றாம் வரிசை. ஒரு சுற்றுப் பெரிதாக்கினால் நிஃப்லா மாதிரி இருந்தது. இன்னொரு சுற்றில் கண்ணும் மூக்கும் கலங்கின. அதற்கடுத்த சுற்றில் மா நிறத்தில் கொஞ்சச் சதுரங்கள், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரங்கள், சுற்றிவர வெள்ளை. அவ்வளவுதான் பிள்ளை. தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தேன். கூர்மையாக்கினால் சதுரத்தின் விளிம்புதான் கூரானது. மழுப்பினால் முகமே கரைந்து போனது. புத்தளத்தில் பெரிய ஸ்டூடியோ வைத்திருக்கிறவரிடமும் கொண்டுபோனேன். "தங்கச்சி, படத்தில இல்லாததைக் கொம்பியூட்டர் எங்க போய்க் கொண்டுவரும்?" என்றார். நான் பிறருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே வசனம்.

இருந்ததை வைத்து நிஸார் நோட்டீஸ் அடித்தான். தலவிலயிலிருந்து சிலாபம்வரை லைட் கம்பங்களில் ஒட்டினான். பேப்பரிலும் வந்தது. பேப்பர் மையில் அது இன்னும் கறுத்து, பர்தா மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் படத்தில் முகம் இல்லை, பர்தா மட்டுமே இருந்தது. ஆகவே பர்தா போட்ட எல்லாப் பிள்ளையும் நிஃப்லாதான். குருநாகலில் கண்டேன் என்றார்கள், மாத்தளையில் கண்டேன் என்றார்கள். உசனார் காக்கா கடலுக்குப் போவதை விட்டுவிட்டு பஸ் பஸ்ஸாக ஏறினார். போன இடத்திலெல்லாம் வேறு யாரோ பெற்ற பிள்ளை நின்றது. ஒரு வீட்டில் அந்தப் பிள்ளையின் வாப்பா இவரை அடிக்க வந்திருக்கிறான். "அடிச்சிருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார்.

ஒருநாள் அவர் ஆலங்குடா ஹோட்டலுக்குப் போனார். எந்த ஹோட்டலில் படத்தைக் கழற்றச் சொல்லிச் சத்தம் போட்டாரோ அதே ஹோட்டல். நிஸாரையும் கூட்டிப் போனார். வாசலில் நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாராம்: "எங்கட புள்ளயையும் வெள்ளக்காரன் ஆராவது படம் எடுத்திருப்பானா? ரோட்டில போகக்குள்ள, வரக்குள்ள? கோவிக்க வரல்ல. எடுத்திருந்தா நல்லம்." அவர்கள் பாவம், தேடித்தான் பார்த்திருக்கிறார்கள். கொம்பியூட்டரில் கடலும் பட்டமும் வள்ளமும் நாயும் இருந்தன. களஞ்சிய அறையில் அலீமாவின் மகள் சுவரில் சாத்தியபடி நின்றாளாம், மூக்கு வியர்வையோடு. காக்கா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார் என்று நிஸார் சொன்னான். அவளாவது இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு உருப்படியான தகவல் கிடைத்தது. கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டராக ஓடும் கிரிசாந்த் என்ற உடப்பு ஊர்ப் பொடியன், நோட்டீஸைப் பார்த்துவிட்டுத் தானாகவே போன் பண்ணினான். நானும் ஹவ்வா லாத்தாவும் கற்பிட்டி பஸ் நிலையத்துக்கு ஓடினோம்.

"அண்டைக்குப் பின்னேரம் தனிய ரெண்டு பிள்ளையள் ஏறினவை அக்கா" என்றான். "ரெண்டும் வெள்ளைப் பர்தா. ஒண்டு பாலாவிச் சந்தியில இறங்கி, மன்னார் பஸ்ஸுக்கு எங்க நிக்கிறது எண்டு கேட்டது. மற்றது சிலாபம் வரைக்கும் வந்தது. அங்க ஒருத்தன் நிண்டு கூட்டிக்கொண்டு போனவன். அவனையும் எனக்கு அடையாளம் தெரியும்."

"எது எங்கட புள்ள?" ஹவ்வா லாத்தா அவன் சட்டைக் கையைப் பிடித்துவிட்டார். அந்நிய ஆம்பிளையின் நிழல் பட்டாலே ஒதுங்குகிறவர்.

"ரெண்டு முகமும் எனக்கு நல்ல ஞாபகம் அம்மா. வடிவான படம் ஒண்டு காட்டுங்கோ, அந்த நிமிசமே சொல்லிருவன்."

நான் நோட்டீஸை நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான், தள்ளிப் பிடித்துப் பார்த்தான், வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். "இதை வச்சு எப்பிடியக்கா சொல்றது? இது ரெண்டு பேரில ஆராவும் இருக்கலாம். பிழையாச் சொன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்." பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடிப்போய் ஏறினான்.

மன்னார் வடக்கே, சிலாபம் தெற்கே. பிள்ளை அக்காவைத் தேடிப் புறப்பட்டு இடையில் தொலைந்தாளா, ஒருத்தன் கையில் அகப்பட்டாளா? அந்தப் பொடியனுக்குத் தெரியும். அவன் மண்டைக்குள் நிஃப்லாவின் முகம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களிடம் ஒரு முகம் இல்லை. யா அல்லாஹ், இப்படியும் ஒரு கொடுமை உண்டா!

அடுத்த நாள் லுஹர் தொழுகை முடிந்ததும் ஹவ்வா லாத்தா ஸ்டூடியோவுக்குத் தனியே வந்தார். உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார். முகத்திரையைக் கழற்றினார், பர்தாவையும் தளர்த்தி நெற்றி தெரிய விட்டார். கதிரையை விளக்குக்கு முன்னால் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னை எடு."

"லாத்தா?"

"எல்லாரும் சொல்லுவாங்கதானே, நிஃப்லா என்னை உரிச்சு வச்சிருக்கிறா எண்டு. நீயும் சொல்லியிருக்கிறாய். என்ட முகத்தை எடுத்து அந்தக் கொண்டக்டர்ப் பொடியனிட்டக் காட்டு. பேப்பருக்கும் குடு. பஸ்ஸெல்லாம் ஒட்டு. இருக்கிறதிலயே பெரிய அளவில எடு. அந்த நெல்லெண்டு சொன்னியே, அதில எடு. ஒண்டும் எறியப்படாது."

தன் கல்யாணத்திலும் படம் எடுக்கவிடாத மனுசி. அளவை ஆகப் பெரியதுக்கு ஏற்றினேன், ரோவில் வைத்தேன். கெமராவின் தலையில் எண் சரசரவென்று இறங்கியது. ஹவ்வா லாத்தா எழுந்து வந்து அந்த எண்ணைப் பார்த்தார். "இன்னும் குறைக்க ஏலாதா?" என்று கேட்டார். ஏலாது என்றேன். திரும்பப் போய் உட்கார்ந்து, கெமராவை நேராகப் பார்த்தார்.

கொம்பியூட்டரில் போட்டதும் திரை நிறைய அவர் முகம். இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதட்டில் வெடிப்பு, கன்னம் ஒட்டி எலும்பு தெரிந்தது. கல்யாண வீட்டில் அகப்பையோடு வந்து என்னோடு மல்லுக்கட்டிய மனுசி இவரில்லை. இந்தச் சில வாரங்களில் கிழவியாகிவிட்டிருந்தார். அந்த முகத்தில் நிஃப்லாவைத் தேடினேன். அவர் பெற்ற பிள்ளை தொலைந்துபோனது மட்டும்தான் அதில் தெரிந்தது.

அவரும் தேடினார். "இதில எங்க அவ?" என்றார்.

"அவட படத்தையும் பக்கத்தில போடு."

போட்டேன். ஒரு பக்கம் மூன்றாம் வரிசையில் நகத்தளவு முகம். மறு பக்கம் திரை கொள்ளாத முகம்.

"என்னையும் அந்த அளவுக்குச் சின்னதாக்கு."

ஒவ்வொரு சுற்றாகச் சின்னதாக்கினேன். உதட்டு வெடிப்பு மறைந்தது. கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு மறைந்தது. எலும்பு மறைந்து கன்னம் உருண்டது. நகத்தளவுக்கு வந்தபோது பார்த்தேன். இரண்டும் ஒரே முகம்! எது தாய், எது மகள் என்று எனக்கே தடுமாறியது.

"இந்தா! இந்தா வந்திட்டா!" ஹவ்வா லாத்தா திரையைத் தொட்டார். இத்தனை நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். "இவதான் ஸாஜிதா. இவளை இப்பப் பெரிசாக்கு. இது நெல்லுத்தானே, ஒண்டும் உடையாதே. மெல்ல ஆக்கு. அவ போயிராம."

ஒரு சுற்றுப் பெரிதாக்கினேன். நிஃப்லா இருந்தாள். இன்னொரு சுற்று. இருந்தாள், கொஞ்சம் இளைத்த மாதிரி. அடுத்த சுற்றில் கண்ணுக்குக் கீழே கறுப்பு வந்தது. ஹவ்வா லாத்தாதான் திரையிலிருந்து எங்களைப் பார்த்தார்.

"போயிட்டா" என்றார். "திரும்பச் சின்னதாக்கு. இந்த முறை இன்னும் மெல்ல."

சின்னதாக்கினேன். வந்தாள். பெரிதாக்கினேன். போனாள். வேண்டாம் லாத்தா என்று சொல்ல என் நாக்கு எழவில்லை, எதற்கும் அடங்காத நாக்கு. அஸருக்குப் பாங்கு கேட்கும்வரை நாங்கள் இருவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.